தகுதிக்குக் கீழே ஒரு வேலை: ரொறன்ரோவின் ஆலோசனை மேசையிலிருந்து

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுக் கனடாவில் குடியேறியவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர், பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருந்தார்கள் என்பது 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பு சொன்ன செய்தி. கனடாவிலேயே பட்டம் பெற்றவர்களிடையே அந்த விகிதம் இதில் பாதிக்கும் குறைவு. தொழில்வாரியாகப் பார்த்தால் இடைவெளி இன்னும் விரியும். கனடாவில் மருத்துவம் படித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் அந்தத் தொழிலிலேயே இருந்தார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தவர்களில் சுமார் 41 பேர்தான். தாதியர் படிப்பிலும் ஏறக்குறைய இதே கதை.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களை அன்றாடம் எதிரே உட்காரவைத்துப் பேசுவது ஒரு தனித் தொழில். ரொறன்ரோவிலும் அதன் புறநகர்களிலும் அரசு நிதியில் இயங்கும் குடியேறிகள் சேவை நிலையங்கள் உண்டு. அங்கே பணிபுரியும் வேலைவாய்ப்பு ஆலோசகர்களின் மேசை பெரும்பாலும் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், பல் மருத்துவருக்கும் பயண முகவருக்கும் நடுவே இருக்கும். வருகிறவர் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை அடுக்கிக் கொண்டுவருவார். அந்த உறையைத் திறக்குமுன் ஆலோசகர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வந்து எத்தனை மாதம்? மற்ற எதையும்விட அந்த விடைதான் அடுத்து என்ன செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆட்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை உலகில் முதலில் கொண்டுவந்த நாடு கனடா. 1967 ஒக்ரோபரில் அது நடைமுறைக்கு வந்தது. நூறு புள்ளிகளில் ஐம்பது எடுத்தால் போதும்; பிறந்த நாடும் நிறமும் கணக்கில் வராது என்பது அதன் பெருமை. 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் கல்விக்கும் மொழிக்கும் எடையைக் கூட்டியது. 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை தொடங்கியது. வயது, படிப்பு, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்வு, பணி அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்து 1200 புள்ளிகளில் ஒருவரை அது நிறுத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சலித்தெடுக்கப்பட்டவர்களின் படிப்பு உயர்ந்தது. ஆனால் 1980களிலிருந்து புதிதாக வந்தவர்களின் தொடக்க வருமானம், அதற்கு முன் வந்தவர்களுடையதைவிடக் குறைந்துகொண்டே போனது. பொருளியலாளர்கள் பல காலமாக மல்லுக்கட்டும் முரண்பாடு இது.

ரொறன்ரோவின் ஈழத் தமிழரில் பெரும்பகுதியினர் இந்தப் புள்ளிக் கணக்கில் வந்தவர்கள் அல்லர். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள். பாதியில் விட்ட பட்டப்படிப்பு, எரிந்த வீட்டோடு போன சான்றிதழ், கடிதம் போட்டாலும் பதில் வராத பல்கலைக்கழக அலுவலகம் என்று அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கோப்பை கழுவுவதில் தொடங்கிய வாழ்க்கை என்று அந்தத் தலைமுறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வெறும் அடக்கம் அல்ல. உணவகக் குசினிகளில் அப்போது நின்றவர்களில் ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் இருந்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக வந்தவர்களிடம் எல்லாக் காகிதமும் இருந்தது. இருந்தும் இரண்டு தரப்பும் ஒரே வெயர்ஹவுசில் ஒரே இரவு ஷிப்டில் சந்தித்துக்கொண்டார்கள். காகிதம் இல்லாததுதான் சிக்கல் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு பாடம்.

காரணம் நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையான கை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசுடையது. தொழில் செய்ய அனுமதிப்பதோ 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி மாகாணத்தின் அதிகாரம். மாகாணமும் அதைத் தன் கையில் வைத்திருப்பதில்லை. அந்தந்தத் தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது. ரொறன்ரோ அமைந்த ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலுக்கு ஓர் அமைப்பு, மருத்துவத்துக்கு ஒன்று, தாதியருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. உங்கள் படிப்பு எங்களுக்குத் தேவை என்று விசா கொடுத்த கைக்கும், அந்தப் படிப்பைக் கொண்டு வேலை செய்யலாம் என்று ஒப்பமிடும் கைக்கும் தொடர்பே இல்லை. ஆஸ்திரேலியா 1999இல் இந்த ஒழுங்கை மாற்றியது. தொழில்தகுதி மதிப்பீட்டை முதலில் முடித்த பிறகே புலம்பெயர விண்ணப்பிக்கலாம் என்று அங்கே விதி வந்தது. கனடா 2013இல் கல்விச் சான்று மதிப்பீட்டை மட்டும் கட்டாயமாக்கியது.

அந்த மதிப்பீடுதான் ஆலோசனை மேசையில் மிகுதியான குழப்பத்தை விளைவிக்கும் காகிதம். இன்னார் பெற்ற பட்டம் கனடாவின் நான்காண்டு இளங்கலைப் பட்டத்துக்கு இணையானது என்று அதில் அச்சிட்டிருக்கும். படிப்பவர் தம் தொழிலைக் கனடா ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்பிவிடுவார். உண்மையில் அது குடிவரவுப் புள்ளிக்கான ஒரு கணக்கு. ஒழுங்குமுறை அமைப்புகள் தங்கள் மதிப்பீட்டைத் தனியே, முதலிலிருந்து செய்கின்றன. பாடத்திட்ட விவரம், ஒவ்வொரு பாடத்தின் மணிக்கணக்கு, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பும் மதிப்பெண் பட்டியல் என்று மறுபடி தொடங்கும். இதை ஒருவருக்கு முதன்முறை விளக்கிச் சொல்வது இந்தத் தொழிலின் மிகக் கசப்பான கால்மணி நேரம். சிலர் காகிதத்தைக் காட்டிக்காட்டித் திரும்பக் கேட்பார்கள். சிலர் எழுந்து போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து வருவார்கள்.

பொறியியலாளர்களின் நிலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேசைக்கு அதிகம் வருபவர்களில் அவர்களும் அடக்கம், அவர்களைப் பற்றிய தவறான எண்ணமும் அதிகம். ஒன்ராறியோவில் பி.எங். என்ற உரிமம் பெற 48 மாதப் பொறியியல் அனுபவம் வேண்டும். அதில் 12 மாதம் கனடாவில், உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் செய்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. உரிமம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் உரிமம் இல்லை என்று இதற்குப் பொருள் கொண்டு பலர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், அவருக்குக் கீழே உரிமமில்லாத ஒருவர் பொறியியல் வேலை செய்யலாம். பொறியியலாளர் என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் முடியாது. வரைபடம் தயாரிப்பவர், மதிப்பீட்டாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் என்று வேறு பெயர்களில் அந்த வேலைகள் கிடக்கின்றன. தொழில்நுட்பவியலாளர் சங்கத்தில் சான்று பெற்று அந்த வழியாக நுழைந்தவர்களும் உண்டு. பதினைந்து ஆண்டு பாலம் கட்டிய ஒருவரிடம் தொழில்நுட்பவியலாளராகத் தொடங்குங்கள் என்று சொன்னால் முகம் சுருங்கும். வெயர்ஹவுசில் இரண்டு ஆண்டு பெட்டி தூக்கிய பிறகு அதே ஆள் அதே யோசனையைத் தானாகவே கேட்டு வருவார். அதற்குள் கணினி வரைவு மென்பொருளில் இரண்டு பதிப்புகள் மாறியிருக்கும்.

மருத்துவருக்கு அப்படிப்பட்ட பக்கவழி குறைவு. சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவ மன்றத்தின் முதற் பகுதித் தேர்வு, நோயாளிகளாக நடிப்பவர்களைப் பரிசோதித்துக் காட்டும் செயல்முறைத் தேர்வு எல்லாவற்றையும் ஒருவர் தேறிவிடலாம். அதன் பிறகும் ரெசிடென்சி எனப்படும் பயிற்சியிடம் கிடைத்தாக வேண்டும். அந்த இடங்களுக்கு நாடளாவிய ஒரு பொருத்தல் முறையில் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கென ஒதுக்கப்படுபவை சில இடங்களே. இடம் கிடைத்தவர் ஒன்ராறியோவில் ஐந்தாண்டு சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த கனடியப் பிள்ளைகளும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய உச்சரிப்பும் பரிந்துரைக் கடிதங்களும் உள்ளூர்த்தன்மை உடையவை. ஏற்கெனவே அனுபவமுள்ள குடும்ப மருத்துவர்களை 12 வார மேற்பார்வை மதிப்பீட்டின் பின் பணியில் அமர்த்தும் ஒரு வழியை ஒன்ராறியோ 2023இல் அறிவித்தது. குடும்ப மருத்துவர் கிடைக்காமல் மக்கள் தவித்த மாகாணத்தில் அது எவ்வளவோ முன்பே வந்திருக்க வேண்டியது.

இந்த இடத்தில் டாக்சி ஓட்டும் டாக்டர் என்ற புகழ்பெற்ற கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துக் குடிவரவுத் துறை 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாடு முழுவதிலும் இருந்த ஏறத்தாழ 50,000 டாக்சி ஓட்டுநர்களில் மருத்துவப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்ற குடியேறிகள் 200 பேர் அளவில்தான் இருந்தார்கள். இருநூறு பேர் என்பதும் வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் பத்திரிகைகள் அந்த ஒற்றைப் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டதில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருந்த பெருந்தொகையினர் மறைந்துபோனார்கள். கணக்காளர் ஒருவர் வங்கிக் கிளையில் காசாளராக இருப்பதும், பட்டதாரி ஆசிரியை குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருப்பதும், தாதி ஒருவர் முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. என்ற பராமரிப்பாளராக இருப்பதும் செய்தியாவதில்லை. பார்ப்பவருக்கு அது ஒரு நல்ல வேலையாகவே தெரியும்.

புதிதாக வந்தவர் முதலில் எடுக்கும் வேலைக்கு ரொறன்ரோவில் எல்லா மொழிக்காரரும் சொல்லும் பெயர் சர்வைவல் ஜாப். அதன் வாயில் பெரும்பாலும் ஏஜென்சி. தற்காலிக வேலை முகவர் ஒருவர் பெயரைப் பதிந்துகொள்வார். இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்தைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு வேன் வரும். மிசிசாகாவிலோ பிராம்ப்டனிலோ உள்ள வெயர்ஹவுசில் இறக்கிவிடும். சம்பளம் மணிக்கணக்கில், பெரும்பாலும் அடிப்படைக் கூலியை ஒட்டி. ஒன்ராறியோவின் அடிப்படைக் கூலி 2025 ஒக்ரோபரில் மணிக்கு 17.60 டொலர் ஆனது. நாளைக்கு வர வேண்டாம் என்று தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் அதோடு முடிந்தது. கொஞ்சம் வசதி தேடுபவர்கள் 40 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வெழுதி, செக்கியூரிட்டி உரிமம் எடுப்பார்கள். குளிரில் நிற்க வேண்டாத கட்டடமாகக் கிடைத்தால் இரவில் படிக்கலாம் என்பது அந்த வேலைக்கு இருக்கும் தனி மதிப்பு. உரிமத் தேர்வுக்கான புத்தகங்களை வரவேற்பு மேசைக்குக் கீழே வைத்துப் படித்துத் தேறியவர்கள் பலர்.

அந்த வேலைகளுக்கும் படிப்பு தடையாகும் என்பது ஊரில் இருப்பவர்கள் எளிதில் நம்பாத செய்தி. முதுகலைப் பட்டத்தைக் கண்ட மேற்பார்வையாளர், இவர் மூன்று மாதத்தில் போய்விடுவார் என்று விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார். ஆகவே ஆலோசகர்கள் இரண்டு ரெசுமே எழுதச் சொல்கிறார்கள். ஒன்றில் எல்லாம் இருக்கும். மற்றதில் பல்கலைக்கழகமே இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பும், தூக்கக்கூடிய எடையும், வார இறுதியிலும் வேலைக்கு வருவேன் என்ற உறுதியும் இருக்கும். “அண்ணை, இதிலை எம்.எஸ்ஸி. எண்டு போட வேண்டாம்” என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் சிரிப்பார். சிலர் சிரிக்க மாட்டார்கள். இருபது ஆண்டு உழைப்பை அழித்துவிட்டு ஒரு பக்கத்தில் தன்னைச் சுருக்கி எழுதுவது பொய்யா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கப்படாததைச் சொல்லாமல் விடுவது பொய் ஆகாது என்பதே தொழிலில் வழங்கும் பதில். அது முழு மனதுடன் சொல்லப்படும் பதில் அல்ல.

முதல் ரெசுமேக்கும் வேலை அதிகம். தெற்காசியாவிலிருந்து வரும் சுயவிவரத்தில் தகப்பன் பெயர், பிறந்த திகதி, மதம், திருமண நிலை, கோட் போட்ட புகைப்படம் எல்லாம் இருக்கும். கனடாவில் இவற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகவும் கூடாது. பொறுப்புகளைப் பட்டியலிடும் பழக்கத்தை மாற்றி, செய்து முடித்ததை எண்ணோடு எழுதவைக்க வேண்டும். நாங்கள் செய்தோம் என்று பேசிப் பழகியவரை நான் செய்தேன் என்று சொல்லவைப்பது இன்னும் கடினம். பணிவு என்று ஊரில் கற்றுக்கொடுத்ததை நேர்முகத்தில் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதிவைப்பார்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் பெயர் ஒன்று மிச்சம் இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் ஆயிரக்கணக்கான கற்பனை ரெசுமேக்களை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 2011இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே பதின்மூன்றாயிரம் ரெசுமேக்கள் என்று பேசுகிறது. ஒரே கனடியப் படிப்பு, ஒரே கனடிய அனுபவம்; பெயர் மட்டும் ஆங்கிலமாகவோ இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயராகவோ இருந்தது. ஆங்கிலப் பெயருக்கு நேர்முக அழைப்பு கணிசமாகக் கூடுதலாக வந்தது. அனுபவம் வெளிநாட்டில் பெற்றதாக இருந்தால் அழைப்பு இன்னும் விழுந்தது. ஏன் என்று ஆட்சேர்ப்பவர்களைக் கேட்டபோது, மொழித்திறன் பற்றிய ஐயமே காரணம் என்றார்கள். சரளமான ஆங்கிலத்துக்கான சான்றுகளை ரெசுமேயில் சேர்த்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மொழி வகுப்புகளையே எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்லும் அதிகாரிகள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே காலம் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. உரிம அமைப்புகள் பல, விண்ணப்பதாரர் அண்மைக் காலத்தில் அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. தாதியருக்கு இது மிகக் கடுமை. பிள்ளை பெற்று, பாட்டியைக் கூப்பிட விசா கிடைக்காமல், கணவரின் உரிமத்துக்கு முதலில் வழிவிட்டு, நான்கைந்து ஆண்டு கழித்துத் தன் கோப்பை எடுக்கும் பெண்ணிடம் அந்த விதி எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொல்லும். இரண்டு பட்டதாரிகள் உள்ள வீட்டில் ஒருவரின் தேர்வுக்குத்தான் காசு இருக்கும். அது யாருடையது என்ற பேச்சு ஆலோசனை அறையில் நடப்பதே இல்லை; அறைக்கு வருமுன்பே முடிவாகியிருக்கும். அடுத்ததாக வீட்டுக் கடன் வரும், ஊருக்கு அனுப்பும் பணம் வரும். வெயர்ஹவுஸ் ஆள் மேற்பார்வையாளராகி மணிக்கு ஐந்தாறு டொலர் கூடுதலாக எடுக்கத் தொடங்கிய பிறகு, தொழிலுக்குத் திரும்ப அந்தச் சம்பளத்தை விட்டுக் கீழே இறங்க வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஊரில் விசாரித்தால் எஞ்சினியராக இருக்கிறார் என்றே சொல்லப்படும்.

மீள்பவர்கள் மீளும் வழிகளில் பலன் தந்தவை சிலவே. தன் தொழிலில் ஏற்கெனவே நிலைத்த ஒருவரோடு சில மாதம் இணைத்துவிடும் வழிகாட்டித் திட்டம் 2004 முதல் ரொறன்ரோ வட்டாரத்தில் நடக்கிறது. விளம்பரத்துக்கு வராத வேலைகளின் வாசனை அதன் மூலம்தான் கிட்டுகிறது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நடத்தும் பிரிட்ஜிங் படிப்புகள் விடுபட்ட பாடத்தையும் உள்ளூர் விதிமுறைகளையும் சேர்த்துக் கொடுக்கின்றன. தேர்வுக் கட்டணத்துக்கும் படிப்புச் செலவுக்கும் விண்ட்மில் என்ற நிறுவனம் குடியேறிகளுக்கு 15,000 டொலர் வரை கடன் தருகிறது. வங்கிகள் கடன் வரலாறு இல்லாதவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரே தன் தொழிலுக்குப் போக முடியாதவர் அதன் பக்கத்து வேலைக்குப் போவது நான்காவது வழி. மருத்துவர் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராவதும், சிவில் பொறியியலாளர் கட்டுமான மதிப்பீட்டாளராவதும் இவ்வகை. தகுதிக்குக் கீழேதான், ஆனால் தொழிலின் மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

சட்டமும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் வெளிப்படையாகவும் நியாயமாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒன்ராறியோ 2006இல் ஒரு சட்டம் இயற்றி, கண்காணிக்க ஓர் ஆணையரையும் நியமித்தது. மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல், கனடிய அனுபவம் வேண்டும் என்று கேட்பது முதற்பார்வையில் பாகுபாடே என்று கொள்கை வெளியிட்டது. மருத்துவத் துறை சாராத பல தொழில்களில் அந்த நிபந்தனையை நீக்க 2021இல் சட்டம் வந்தது. அதன் வழியே பொறியியல் அமைப்பு 2023 மே மாதம் 12 மாத விதியைக் கைவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஒன்ராறியோவில் வெளியிடும் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் தேவை என்று எழுதக் கூடாது. விளம்பரத்தில் எழுதாததை நேர்முகத்தில் மனதுக்குள் வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் இன்னும் தொடவில்லை.

புறப்படவிருப்பவர்கள் விமானச் சீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. குடிவரவுக்கான மதிப்பீட்டோடு நிறுத்தாமல், போகும் மாகாணத்தில் தம் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் கோப்பை ஊரிலிருந்தே திறந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்டமும் அந்த அமைப்புக்கு நேரடியாகப் போய்ச் சேரட்டும். பழைய மேலதிகாரி ஓய்வு பெறுமுன், அவர் கையெழுத்திட்ட அனுபவக் கடிதத்தை வேலை விவரத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வந்திறங்கிய பிறகு இதே வேலைக்கு ஓராண்டும் ஆகலாம்.